டிஜிட்டல் பிரிண்ட், டார்க்ரூம் பிரிண்ட்: எது அதிக நாள் தாங்கும்?

பாரிட்டா
120 ஃபிலிம் அளவிலான பழைய நெகட்டிவ்களிலிருந்து 16 உருவப்படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, 12×16 அங்குலம். நாகப்பட்டினத்தில் ஒரு பொது மண்டபத்தில் நிரந்தரமாக மாட்ட ஒரு செட், பெட்டியில் வைக்க ஒரு செட் வேண்டும். மூன்று வழி சொல்கிறார்கள்: கலர் லேப்பில் "டிஜிட்டல் பிரிண்ட்", காட்டன் பேப்பரில் பிக்மென்ட் (நிறமி) இங்க்ஜெட், டார்க்ரூமில் ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத வெள்ளிப் பேப்பர்). லேப் பேப்பருக்கு 100 ஆண்டு என்று விளம்பரம். எப்சன் ஹெச்.டி.எக்ஸ். இங்க்குக்கு வண்ணத்தில் 200 வரை, கறுப்பு வெள்ளையில் 400 வரை என்று போட்டிருக்கிறது. டார்க்ரூம் பேப்பர் உறையில் ஆண்டுக் கணக்கே இல்லை. இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாமா?

செவ்விளக்கு
எண்ணுக்கு அப்புறம் வருவோம். முதல்ல "டிஜிட்டல் பிரிண்ட்"ங்கிற பேரை உடைச்சுப் பார்க்கணும். கலர் லேப் மெஷின்ல ஃபைலை லேசர்ல எக்ஸ்போஸ் பண்றாங்க, அவ்வளவுதான் டிஜிட்டல். பேப்பர் பழைய கலர் பேப்பர்தான், ஆர்.ஏ.-4 கெமிக்கல்ல டெவலப் ஆகுது. அதாவது அதுவும் சில்வர் ஹாலைட் பேப்பர், ஆனா கடைசியில பிளீச்-ஃபிக்ஸ்ல வெள்ளி முழுக்கக் கழன்று போயிடும். மிச்சம் நிக்கிறது சையன், மெஜந்தா, மஞ்சள் மூணு சாயம் மட்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தை அதுல போட்டா சாம்பல் நிறத்தையே அந்த மூணு சாயம் சேர்ந்துதான் காட்டணும். மூணும் ஒரே வேகத்துல மங்காது. கலர் படத்துல சட்டை நிறம் கொஞ்சம் மாறினா யாரும் கவனிக்க மாட்டாங்க. நடுத்தர சாம்பல்ல 5 சதவீதம் விலகினாலே முகம் பச்சையாவோ சிவப்பாவோ தெரியும். இந்த வேலைக்கு அந்த வழியை அடிச்சிடலாம்.

இன்னொண்ணு. சில லேப்ல இப்ப கெமிக்கல் மெஷினே கிடையாது, டிரை லேப். அது சாய இங்க்ஜெட். ஸ்டுடியோவுல இருக்கிற 6 கலர் டேங்க் பிரிண்டர், எல்805, எல்1800 மாதிரி, அதுவும் சாய இங்க்தான். "இங்க்ஜெட்"னு ஒரே பேர்ல சாயமும் நிறமியும் சேர்ந்து அடிபடுது. கேட்கும்போது "டை இங்க்கா, பிக்மென்ட் இங்க்கா"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா டை.

நிறமி_12
எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல.

பிரிண்ட் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகம் எடுத்துக்கொள்ளும் வெளிச்சம் நாளுக்கு 12 மணி, 450 லக்ஸ் (வெளிச்ச அலகு). கோடக் தன் கலர் பேப்பருக்கு எடுத்துக்கொண்டது அதே 12 மணி, ஆனால் 120 லக்ஸ். ஆண்டுக் கணக்கில் பார்த்தால்:

450 × 12 × 365 = 19,71,000 லக்ஸ்-மணி
120 × 12 × 365 = 5,25,600 லக்ஸ்-மணி

120 லக்ஸில் 100 ஆண்டு என்பது மொத்தம் 5.26 கோடி லக்ஸ்-மணி. அதையே 450 லக்ஸ் சுவரில் மாட்டினால் 27 ஆண்டில் தீர்ந்துவிடும். பொய் சொல்லவில்லை, வேறு வீட்டுச் சுவரைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஃபூஜி கிரிஸ்டல் ஆர்கைவ் பேப்பருக்கு வில்ஹெல்ம் கொடுத்தது, கண்ணாடி போட்டு மாட்டினால் சுமார் 40 ஆண்டு. எப்சன் சொல்லும் 200, 400 எல்லாம் வில்ஹெல்ம் முறைப்படி வந்தவை.

எத்தனை சதவீதம் மங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. ஆண்டு வேண்டாம், லக்ஸ்-மணியே போதும் என்று ஆர்டன்பர்க் ஆய்வகம் முடிவுகளை மெகாலக்ஸ்-மணியில்தான் (பத்து லட்சம் லக்ஸ்-மணி) தந்தது. நமக்கு அதுதான் வசதி. மண்டபத்துச் சுவரை அளந்து வகுத்துக்கொள்ளலாம்.

அளக்க லக்ஸ் மீட்டர் வேண்டாம். படம் தொங்கப்போகும் இடத்தில் 18 சதவீத கிரே கார்டை வைத்து, கேமராவில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 2.8 வையுங்கள். ஷட்டர் 1/30 காட்டினால் ஏறக்குறைய 600 லக்ஸ். 1/15 என்றால் 300. 1/8 என்றால் 150.

உப்புக்காற்று
கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு நாகப்பட்டினத்துக்குச் செல்லுமா என்று கேளுங்கள். வில்ஹெல்ம் சோதனை 24 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் நடப்பது. கடற்கரை மண்டபத்தில் ஈரப்பதம் வருடத்தில் பாதி நாள் 75-ஐத் தாண்டும். ஜன்னல் திறந்திருக்கும். 1000 லக்ஸ் விழும் சுவரும் இருக்கும், அங்கே 10 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 36.5 லட்சம் லக்ஸ்-மணி. விளம்பரத்து 200 அங்கே 108 ஆகிவிடும். அதுவும் வெளிச்சம் ஒன்றுதான் எதிரி என்றால்.

வெளிச்சச் சோதனை காற்றைச் சோதிப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்தபோது வெளிச்சத்தை வைத்து நல்ல ஆயுள் சொன்னார்கள். பளபளப்புப் பேப்பரில் எடுத்த படங்கள் சில இடங்களில் சில வாரங்களிலேயே ஆரஞ்சாக மாறின. காரணம் காற்றிலிருந்த ஓசோன். பேப்பரின் மேல்பூச்சு நுண்துளை வகை, இங்க் உடனே காய்வதற்காக. அந்தத் துளைகள் வழியே காற்றும் உள்ளே போய் சையன் சாயத்தை உடைத்தது. கண்ணாடிக்குள் இருந்தவை பெரும்பாலும் தப்பின.

இன்னொரு சிக்கல், துரிதச் சோதனை என்பதே கொளுத்தும் வெளிச்சத்தைக் குறைந்த காலம் காட்டி நீட்டிக் கணக்கிடுவது. மெல்லிய வெளிச்சம் நெடுங்காலம் விழுந்தால் அதே மொத்த அளவுக்குக் கூடுதலாகவே மங்கும் சாயங்கள் உண்டு. ஃபைபர் பேப்பருக்கு ஆண்டு போடாததைக் குறையாகச் சொல்ல வேண்டாம். அங்கே வெளிச்சம் முக்கிய எதிரி அல்ல என்பதால் அந்தச் சோதனைக்குப் பெரிய பொருளில்லை.

பாரிட்டா
அப்படியானால் ஃபைபர் பேப்பரே போதும் என்று முடிக்கலாமா? பழைய ஸ்டுடியோ படங்கள், ஊட்டி எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையின் இந்து பேப்பரில் போட்டவை உட்பட, பாதி நன்றாக இருக்கின்றன, பாதி மஞ்சளாகிக் கிடக்கின்றன. ஒரே காலம், ஒரே மாதிரி பேப்பர். ஏன்?

செவ்விளக்கு
பேப்பர் மேல பழி போடாதீங்க. ஃபிக்சரும் (மிச்ச வெள்ளி உப்பைக் கரைக்கிற கெமிக்கல்) வாஷும்தான்.

மஞ்சளாகிறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, வாஷ் பத்தாம ஹைப்போ, அதாவது ஃபிக்சர்ல இருக்கிற தயோசல்ஃபேட், உள்ளேயே நின்னது. அது மெதுவா உடைஞ்சு கந்தகம் விட்டு வெள்ளியைத் தாக்கும். முதல்ல முகத்தோட வெளிச்சப் பகுதி மஞ்சளாகி மங்கும், ஏன்னா அங்க வெள்ளித் துகள் ரொம்பச் சின்னது. இன்னொண்ணு, தீர்ந்துபோன ஃபிக்சர். அதுல வெள்ளி-தயோசல்ஃபேட் கூட்டுப்பொருள் நிறைஞ்சிருக்கும், நாரோட ஒட்டிக்கும், எவ்வளவு தண்ணி விட்டாலும் போகாது. அது வெள்ளை ஓரத்தையே பழுப்பாக்கும். படம் மங்கி ஓரம் வெள்ளையா இருந்தா வாஷ் கோளாறு, ஓரமும் சேர்ந்து கறைபட்டா ஃபிக்சர் கோளாறுன்னு தோராயமா பிரிக்கலாம். நிறைய படத்துல ரெண்டும் இருக்கும், அது வேற விஷயம்.

செய்முறை இது. ரேபிட் ஃபிக்சர் 1+4 (ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி), ஃபைபர் பேப்பருக்கு 1 நிமிஷம், விடாம அசைச்சுக்கிட்டே. 5 நிமிஷம் வாஷ். வாஷ்-எய்டு (ஹைப்போ சீக்கிரம் வெளிய வர உதவுற கரைசல்) 1+4-ல 10 நிமிஷம். திரும்ப 5 நிமிஷம் வாஷ். இது இல்ஃபோர்ட் சொல்ற வரிசை, 18-24 டிகிரிக்கு. வாஷ்-எய்டு கிடைக்கலைன்னா ஒரு லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட். சல்ஃபேட் இல்ல, சல்ஃபைட். கடையில ரெண்டையும் மாத்திக் கொடுத்துடுவாங்க, லேபிளைப் பார்த்து வாங்குங்க.

எத்தனை பிரிண்ட்ங்கிறதுதான் எல்லாரும் சறுக்குற இடம். ஒரே ட்ரே ஃபிக்சர்னா லிட்டருக்கு 8×10 அளவு 10 பிரிண்ட், அதுக்கு மேல நீண்ட ஆயுளுக்கு நம்ப முடியாது. வெள்ளி அரை கிராமைத் தாண்டிடும். 12×16 பரப்பு 8×10-ஐப் போல 2.4 மடங்கு, ஆக லிட்டருக்கு 4 பிரிண்ட். ரெண்டு ட்ரே வச்சா 8×10 கணக்குல லிட்டருக்கு 40 வரை போகலாம். அப்புறம் முதல் ட்ரேயைக் கொட்டிட்டு ரெண்டாவதை முதல் இடத்துக்கு நகர்த்தி, ரெண்டாவதா புதுசு ஊத்தணும். அஞ்சு சுற்றுக்கு ஒரு தடவை ரெண்டையும் கொட்டணும்.

கண்ணாடிச்சட்டம்
ஃபைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர் என்றுதானே எல்லா ஸ்டுடியோவிலும் சொல்வார்கள்? 1 நிமிட ஃபிக்ஸ், மொத்தம் 10 நிமிட வாஷ் என்பது நம்பும்படி இல்லையே.

செவ்விளக்கு
அந்த ஒரு மணி நேரம், சாதா ஹைப்போவுல 10 நிமிஷம் ஊறப்போட்ட காலத்துக் கணக்கு. ஃபிக்சர் எமல்ஷன்லேர்ந்து (படம் இருக்கிற மேல்பூச்சு) சீக்கிரம் வெளிய வந்துடும். அட்டை நாருக்குள்ள இறங்கினதுதான் வராது. அடர்த்தியான ஃபிக்சர்ல 1 நிமிஷத்துல எடுத்துட்டா நாருக்குள்ள இறங்க நேரமே கிடைக்காது. "எதுக்கும் இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கட்டும்"னு விட்டா இந்த வரிசை மொத்தமும் செல்லாது, பழைய ஒரு மணி நேரத்துக்கே போகணும்.

நம்ம ஊர்ல குழாய்த் தண்ணி மே மாசம் 32 டிகிரி வரும். எமல்ஷன் ஊதி ஓரத்துல கழண்டு வரும். ஓடுற தண்ணியை விட, ட்ரேயை நிரப்பி, 5 நிமிஷம் அசைச்சு, முழுக்கக் கொட்டி, திரும்ப நிரப்புறதுதான் கைக்கு அடங்கும். ஐஸ் போட்ட பக்கெட்டைக் கலந்து 24-க்குக் கொண்டு வரலாம். போர்வெல் தண்ணி உப்பா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், கடினத் தண்ணி ஹைப்போவை இன்னும் நல்லாவே இழுக்கும். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணியில பண்ணுங்க, இல்லன்னா காஞ்சதும் சுண்ணாம்புப் புள்ளி நிக்கும்.

நம்பிக்கை வேண்டாம், சோதிங்க. ரெண்டு கரைசல். ஹைப்போ மிச்சம் பார்க்க: 750 மி.லி. காய்ச்சி வடிச்ச தண்ணி, 28 சதவீத அசெட்டிக் அமிலம் 125 மி.லி., சில்வர் நைட்ரேட் 7.5 கிராம், மொத்தம் 1 லிட்டராக்குங்க. பழுப்பு பாட்டில்ல வைங்க. ஈர பிரிண்டோட வெள்ளை ஓரத்தைத் துடைச்சு ஒரு சொட்டு, 2 நிமிஷம் விட்டு அலசுங்க. இருக்கா இல்லையான்னு தேட வேண்டிய அளவுக்கு மெல்லிய கறைன்னா சரி. தேநீர்க் கறை மாதிரி நின்னா வாஷ் பத்தலை. வெள்ளி மிச்சம் பார்க்க: சோடியம் சல்ஃபைட் இல்ல, சல்ஃபைடு, 2 கிராம் 125 மி.லி. தண்ணியில. உபயோகிக்கும்போது 1+9. சொட்டு வச்சு 2-3 நிமிஷம் கழிச்சு ஒத்தி எடுங்க. மஞ்சளா பழுப்பா வந்தா ஃபிக்சர் தீர்ந்துபோச்சு. அழுகின முட்டை நாத்தம், பேப்பரையும் ஃபாக் பண்ணும் (வெளிச்சம் பட்ட மாதிரி கறுக்கும்), அதனால இதை டார்க்ரூம் உள்ளே திறக்காதீங்க. ரெண்டு சோதனைக்கும் கையுறை போடுங்க.

உப்புக்காற்று
நல்லா ஃபிக்ஸ் பண்ணி, நல்லா வாஷ் பண்ணின படமும் கடற்கரையில் தப்பாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டோனிங் இல்லாத, அதாவது டோனர் கரைசலில் போட்டுக் காப்பு கொடுக்காத, வெள்ளியை ஓசோன், பெராக்சைடு, கந்தக வாயு எல்லாம் தாக்கும். வெள்ளி அயனியாகி மேலே வந்து, மீண்டும் வெள்ளியாகப் படியும். கறுப்புப் பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் நீல வெள்ளிப் பளபளப்பு தெரிகிறதே, அதுதான்.

செலினியம் டோனர் 1+20-ல் லேசாக நிறம் மாறும்வரை போட்டு "ஆர்கைவல்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நீர்த்த கரைசலில் அடர்ந்த நிழல்தான் முதலில் மாறும். மங்கப்போவது வெளிச்சப் பகுதி, அதற்குக் காப்பு குறைவு. ராச்செஸ்டரிலுள்ள ஐ.பி.ஐ. (இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட்) ஆய்வகம் மைக்ரோஃபிலிம் மீது செய்த சோதனைகளில் பாலிசல்ஃபைடு கரைசல்தான் செலினியத்தைவிட நன்றாகக் காத்தது. படத்தின் நிறம் பழுப்பாவது பிடிக்குமானால் பாலிசல்ஃபைடு பிரவுன் டோனர் போடுங்கள். கறுப்பு அப்படியே வேண்டுமென்றால் செலினியம் 1+3 முதல் 1+5 வரை. அதற்கு முன் அமில ஃபிக்சர் முழுதும் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டு விழும், அது போகாது. டோனரிலேயே தயோசல்ஃபேட் இருப்பதால் டோனிங்குக்குப் பிறகும் வாஷ்-எய்டும் வாஷும் முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆர்.சி. பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சுள்ள டார்க்ரூம் பேப்பர்) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: டோனிங் இல்லாத ஆர்.சி. பிரிண்டைக் கண்ணாடிக்குள் மூடி வெளிச்சத்தில் மாட்டாதீர்கள். பாலிஎதிலீன் அடுக்கிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு வெளிச்சத்தில் ஆக்சிஜனேற்றிகளை உண்டாக்கும். திறந்திருந்தால் கலைந்துபோகும், மூடினால் அங்கேயே நின்று வெள்ளியைத் தின்னும்.

நிறமி_12
டார்க்ரூம் பக்கம் இவ்வளவு நிபந்தனை இருக்கும்போது பிக்மென்ட் பக்கமும் சொல்ல வேண்டும். இங்கே ஃபிக்ஸ், வாஷ் கிடையாது. மனிதப் பிழை குறைவு. அதுதான் இதன் உண்மையான பலம், 400 என்ற எண் அல்ல. ஆனால் பலவீனம் பேப்பரில் இருக்கிறது.

பேப்பரை இருட்டில் யு.வி. டார்ச் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்தது. சில ஆண்டு வெளிச்சத்தில் அந்த வெண்மையூட்டி செத்து, பேப்பர் அதன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். இங்க் அப்படியே இருக்கும், படம் பழசாகிவிடும். கேன்சன் ராக் போட்டோகிராஃபிக் 310-ல் வெண்மையூட்டி இல்லை. ஹானமூலே மியூசியம் எட்சிங்கிலும் இல்லை. அதே ஹானமூலேயின் போட்டோ ராகில் சிறிதளவு உண்டு.

கறுப்பு வெள்ளையை ஆர்.ஜி.பி. ஃபைலாக அனுப்பினால் பிரிண்டர் சாம்பலை வண்ண இங்க்கால் கட்டும். எப்சனின் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் மோடில் கொடுத்தால் பெரும்பகுதி மூன்று கறுப்புகள், வண்ணம் பேருக்குத்தான். கறுப்பு கார்பன், அதை வெளிச்சம் அசைக்காது. செபியா சாயல் வேண்டும் என்று கேட்டால் மஞ்சள் கூடும், அந்த நிறமிகளில் மஞ்சள்தான் சோதா. நியூட்ரலிலோ, கார்பனின் இயல்பான லேசான வெதுவெதுப்பிலோ நிறுத்துங்கள்.

மேட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். நகம் பட்டால் வெள்ளைக் கோடு. அடுக்கும்போது இடையில் தாள் வையுங்கள். பூச்சுள்ள பேப்பரைச் சாதா பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறும், உறையிலுள்ள பி.ஹெச்.டி. என்ற காப்புப்பொருளைப் பூச்சு உறிஞ்சுவதால். இங்க் மங்கிவிட்டது என்று நினைத்து லேப்பில் சண்டை போடுவார்கள். பல சமயம் அந்த மஞ்சளை ஜன்னல் வெளிச்சமே வெளுத்துவிடும்.

செவ்விளக்கு
ரெண்டுக்கும் நடுவுலயும் ஒரு வழி இருக்கு, யாரும் சொல்லல. இல்ஃபோர்ட் கேலரி எஃப்.பி. டிஜிட்டல்னு பேப்பர். லேசர்ல எக்ஸ்போஸ் பண்ணி சாதா டெவலப்பர்ல கழுவற அசல் வெள்ளி ஃபைபர் பேப்பர். அது டிஜிட்டலா, டார்க்ரூமா? இல்லன்னா ஃபைலை ட்ரான்ஸ்பரன்சியில நெகட்டிவா பிரிண்ட் எடுத்து, பேப்பர் மேல ஒட்டி வச்சு கான்டாக்ட் பிரிண்ட் போடலாம். "டிஜிட்டல் எதிர் டார்க்ரூம்"னு கேள்வி கேட்கிறதே தப்புங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம்.

கண்ணாடிச்சட்டம்
சட்டம் போடுவதில்தான் எல்லாம் போகிறது. கடைக்காரர் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு அல்லது ப்ளைவுட், இடையில் செய்தித்தாள் வைத்து ஆணி அடித்துத் தருவார். கடற்கரை ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் காய்ந்த நிலையில் உரிக்கவே கூடாது. வெள்ளிப் பிரிண்டானால் கண்ணாடியோடு குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் பல சமயம் தானாகக் கழன்று வரும். சாய இங்க்ஜெட்டுக்கு இது பலிக்காது, ஓடிவிடும்.

அமிலமற்ற பாஸ்பார்ட்டு மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் ஜன்னல் வெட்டிய அட்டை) 2 மி.மீ. கனம், அல்லது சட்டத்தின் உள்விளிம்பில் ஸ்பேசர். படத்தை ஒட்ட வேண்டாம், நான்கு மூலைக்குத் தாள் மூலை போதும். செலோடேப், வெள்ளைப் பசை, டபுள் டேப் எதுவும் படத்தைத் தொடக் கூடாது. அட்டையும் உறையும் பி.ஏ.டி. (போட்டோவைக் கெடுக்குமா என்று பார்க்கும்) சோதனையில் தேறியவையா, அதாவது ஐ.எஸ்.ஓ. 18916, என்று பார்த்து வாங்குங்கள். "ஆசிட் ஃப்ரீ" என்ற ஸ்டிக்கர் அதற்குச் சமம் அல்ல.

சட்டத்தின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் வைத்து 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும். புதிதாக ஆயில் பெயின்ட் அடித்த மண்டபமென்றால் குறைந்தது ஒரு மாதம் கழித்து மாட்டுங்கள், பெயின்ட்டிலிருந்து வரும் பெராக்சைடு வெள்ளிக்கு ஆகாது. சந்தனம், குங்குமம் வைப்பதைத் தடுக்க முடியாது. கண்ணாடி விளிம்பை டேப் போட்டு மூடினால் அது வழிந்து உள்ளே இறங்காது. விளக்கு நேர் கீழே வேண்டாம்.

பிக்மென்ட் பிரிண்டை எடுத்த அன்றே சட்டத்துக்குள் அடைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். இங்க்கிலுள்ள கிளைக்கால் வெளியேறுவது. மேலே சாதாத் தாள் போட்டு 24 மணி நேரம், தாள் அலை அலையாகச் சுருங்கியிருந்தால் புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள்.

பாரிட்டா
மண்டபத்தில் அளந்து பார்த்தாயிற்று. உள் சுவர் 1/8, கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் காலையில் 1/60. அந்தச் சுவரைத் தவிர்க்கிறோம். சுவருக்கு கேன்சன் ராகில் பிக்மென்ட், நியூட்ரல். கெட்டால் ஃபைலிலிருந்து திரும்ப எடுக்கலாம். பெட்டிக்கு ஃபைபர், இரண்டு ட்ரே ஃபிக்ஸ், செலினியம் 1+4. பெட்டி மண்டபத்தில் இருக்காது, உலர்ந்த அறையில் இருக்கும். ஒரு சந்தேகம் மட்டும்: பின்னால் விவரம் எழுத எந்தப் பேனா?

உப்புக்காற்று
பேனாவே வேண்டாம். ஃபைபர் பேப்பரிலும் காட்டன் பேப்பரிலும் 2பி பென்சில், படத்தின் பின்னால் அல்ல, ஓர வெள்ளையின் பின்பக்கம், கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தாமல். பெயர், நெகட்டிவ் எண்ணோடு பேப்பர், இங்க் அல்லது டோனர், விகிதம், பிரிண்ட் எடுத்த ஆண்டு எல்லாம் எழுதுங்கள். நெகட்டிவ்களைப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். அசிடேட் ஃபிலிமில் வினிகர் வாடை ஆரம்பித்தால் அந்த அமிலம் பக்கத்துப் பிரிண்டையும் பிடிக்கும். முகர்ந்து பார்த்துவிட்டுத் தனித்தனித் தாள் உறையில் வேறு அலமாரியில் வையுங்கள்.